கிட்டாருக்கு ஏது வில்லங்கச் சான்று?

சங்கராபுரம் பக்கம் ஒருவர் அரை ஏக்கர் நிலம் வாங்குகிறார் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூலப்பத்திரத்தைக் கேட்பார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பட்டா யார் பேரில் இருக்கிறது, கிணற்றில் யாருக்கெல்லாம் பங்கு, பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாமல் விட்டுப்போன தங்கச்சி யாராவது வெளியூரில் இருக்கிறாரா என்று ஆவண எழுத்தரை உட்காரவைத்துக் குடைந்துவிடுவார். அரை ஏக்கருக்கே இத்தனை விசாரணை.

லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறும் பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. சார்பதிவாளர் இல்லை, பட்டா இல்லை, சர்வே நம்பரும் இல்லை. 1957இல் கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த ரசீது ஒன்று இருந்திருக்கலாம். வாங்கியவர் அதை அடுத்த மாதமே தொலைத்திருப்பார். அதற்குப் பிறகு அடகுக்கடை, நண்பருக்கு அடைத்த கடன், திருட்டு என்று அந்தக் கிட்டார் எத்தனை கை மாறினாலும் எங்கும் பதிவாகாது. அப்படியிருந்தும் சில கிட்டார்கள் யார் யார் கையில் இருந்தன என்ற முழு வரலாறும் இன்று தெரிகிறது. அதைக் கண்டுபிடித்த விதம், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். காரணம் போகப்போகத் தெரியும்.

கணுவை வைத்துப் பிடித்த கிட்டார்

ராண்டி பேக்மன் கனடாக்காரர். 'தி கெஸ் ஹூ', 'பேக்மன்-டர்னர் ஓவர்டிரைவ்' என்ற இரண்டு ராக் குழுக்களில் வாசித்தவர். வாலிபத்தில் வின்னிபெக் நகரத்து இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு கிட்டாரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆரஞ்சு நிறத்தில், 1957இல் செய்த கிரெட்ஷ் 6120, செட் அட்கின்ஸ் மாடல். கிடைத்த சில்லறை வேலைகளையெல்லாம் செய்து காசு சேர்த்து, 1963 வாக்கில் 400 டாலருக்கு அதை வாங்கினார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது, ஓட்டல் அறையின் கழிப்பறையில் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற அளவுக்கு அதைக் காத்தார்.

1976இல் டொரண்டோவில் ஓர் ஓட்டல். அறையைக் காலி செய்கிற நேரம். சில நிமிடம் கவனம் தப்பியது, கிட்டார் போய்விட்டது. போலீஸிடம் சொன்னார், கடைகளுக்குத் தகவல் அனுப்பினார், தேடிக்கொண்டே இருந்தார். தேடுகிற சாக்கில் அவர் வாங்கிக் குவித்த கிரெட்ஷ் கிட்டார்கள் மட்டும் முன்னூறைத் தாண்டின. அவர் தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

நாற்பத்து நான்கு வருடம் கழித்து, கொரோனா ஊரடங்கில், வில்லியம் லாங் என்ற பழைய பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்க்கிறார். வீட்டில் அடைந்து கிடக்கிற நேரம், முயன்று பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது. பேக்மனின் பழைய படங்களில் கிட்டாரின் முகப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மரத்தில் ஒரு சின்னக் கணு தெரிந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளிடம் கேட்டால் ஒரு கட்டையின் கணுவும் ரேகையும் இன்னொரு கட்டையில் அச்சாக அப்படியே வராது என்பார்கள். (2021இல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது.) லாங் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைக் கொஞ்சம் மாற்றி, மனித முகத்துக்குப் பதில் மர ரேகையைத் தேடவிட்டார். உலகம் முழுக்கக் கடைகளும் ரசிகர்களும் இணையத்தில் போட்டிருந்த ஆரஞ்சு நிறக் கிரெட்ஷ் படங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசியில் தேடல் ஜப்பானில் போய் நின்றது. 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் டகேஷி என்ற இசைக்கலைஞர் யூடியூபில் போட்ட வீடியோ. அவர் கையில் இருந்த ஆரஞ்சு கிட்டாரில் அதே இடத்தில் அதே கணு.

டகேஷி அதை 2014இல் டோக்கியோ கடை ஒன்றில் விலை கொடுத்து வாங்கியவர். திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பேசி, பேக்மன் அதே 1957இல் செய்த, வரிசை எண்ணிலும் பக்கத்தில் வரும் இன்னொரு 6120ஐத் தேடி வாங்கிக் கொடுக்க, 2022 ஜூலை 1ஆம் தேதி, கனடா நாளன்று, டோக்கியோவில் உள்ள கனடா தூதரகத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

சொந்தக் கிட்டாரை வாங்க இன்னொரு கிட்டாரைக் கொடுப்பானேன் என்று கேட்கலாம். ஜப்பான் சிவில் சட்டப்படி, திருட்டு என்று தெரியாமல் நியாயமாக வாங்கியவரிடமிருந்து பறிகொடுத்தவர் பொருளைத் திரும்பக் கேட்க இரண்டு வருடம்தான் அவகாசம். இங்கே ஓடியிருந்ததோ நாற்பத்தைந்து வருடம். டகேஷி மாட்டேன் என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெண்ணெய்நல்லூர் வழக்கில் கேட்ட மூன்று சாட்சி

உடைமை வழக்கு தமிழர்களுக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் சேக்கிழார் அப்படி ஒரு வழக்கையே விசாரித்துக் காட்டுகிறார். கதை நடப்பதும் இந்தப் பக்கத்து மண்ணில்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது நகல், மூலம் திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

அந்த ஊர்ச் சபை, உரிமையை நிரூபிக்க மூன்று வழி சொல்கிறது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நடைமுறையில் அனுபவித்து வந்திருக்க வேண்டும், அல்லது எழுத்து இருக்க வேண்டும், அல்லது சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் பார்த்திருக்க வேண்டும். கிழவர் மூல ஓலையை நீட்டியதும் சபையார் அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் எழுத்தை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஏலக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பூர்வீகம் தேட ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்களே, அவர்கள் பார்ப்பதும் இந்த வேலையைத்தான்.

இந்த மூன்றையும் பழைய கிட்டார் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

ஆட்சி என்பது கையில் இருப்பது. அதற்கு எடை உண்டு. பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக உழுதுவந்த குடும்பங்களைக் கல்வராயன் மலையில் எத்தனையோ பார்க்கலாம். ஜாகீர்தார்கள் கையிலிருந்த அந்த மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்ததே 1976இல்தான். ஆனால் மலையில் உழுகிறவரை ஊரே பார்க்கிறது. பீரோவில் பூட்டி வைத்த கிட்டாரை யார் பார்த்தார்கள்? ஐம்பது வருடமாக என்னிடம்தான் இருக்கிறது என்று திருடியவரும் சொல்லலாம்.

ஆட்சிச் சங்கிலி துண்டு படாமல் தெரிகிற கிட்டார்கள் சிலவே. 'கிரீனி' என்று பெயர் வாங்கிய 1959 கிப்சன் லெஸ் பால் அதில் ஒன்று. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் வாசித்தது. அவர் இசையை விட்டு விலகியபோது இளைஞரான கேரி மூரிடம் கொடுத்தார். மூர் தன் கிட்டாரை விற்று வந்த தொகையை அப்படியே விலையாகத் தந்தார். 2006இல் மூர் விற்றார். கைமாறி, 2014இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமட்டிடம் வந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்துக்குப் பிக்கப் என்று பெயர். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் காந்தம் தலைகீழாக இருப்பதால், இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒரு தனிக் குரல் வரும். பழுது என்று யாராவது சரிசெய்திருந்தால் அடையாளமே போயிருக்கும்.

எண் சொல்வதும் எண் மறைப்பதும்

அடுத்தது ஆவணம். கிட்டாருக்குக் காகிதம் இல்லாவிட்டாலும் உடம்பில் எழுத்து உண்டு. 1950களின் கடைசியில் வந்த லெஸ் பால் கிட்டார்களில், தலைப்பகுதியின் பின்னால் மையால் குத்திய எண் இருக்கும். முதல் இலக்கம்தான் வருடம். 9 என்று தொடங்கினால் 1959. ஃபெண்டர் கிட்டாரில் கழுத்தைக் கழற்றினால் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி போட்டிருப்பார்கள்.

இன்னும் நம்பகமான சாட்சி மூடிக்கு உள்ளே இருக்கிறது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு அடியில் உள்ள சின்ன மின்பாகத்தை எலெக்ட்ரீஷியன்கள் 'பாட்' என்பார்கள். அதன் முதுகில் 1376612 என்று பொறித்திருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 என்பது 1966, 12 என்பது அந்த வருடத்தின் பன்னிரண்டாவது வாரம். 1963இல் செய்த கிட்டார் என்று விற்பவர் சொல்ல, உள்ளே இந்த எண் இருந்தால் இரண்டில் ஒன்று: பாட் மாற்றியிருக்கிறார்கள், அல்லது விற்பவர் பொய் சொல்கிறார். எது என்பதை ஈயப் பற்று சொல்லும். தொழிற்சாலையில் வைத்த பற்று மங்கித் தூசு படிந்திருக்கும். மறுபடி தொட்ட இடம் தனியாகப் பளபளக்கும். புற ஊதா விளக்கில் பிடித்தால், பழைய வார்னிஷ் ஒரே சீராக ஒளிவிடும். பிற்பாடு பூசிய இடம் திட்டாகத் தெரியும்.

எல்லை தாண்டும்போது மட்டும் உண்மையான காகிதம் வேண்டும். அந்தக் காலத்துக் கிட்டார்களின் விரல் பலகை பெரும்பாலும் பிரேசில் ஈட்டி மரம். 1992இல் அந்த மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியதிலிருந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடுவிட்டு நாடு விற்க முடியாது. கிட்டாரின் வயதை நிரூபிக்க உரிமையாளர்கள் அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண் இருந்தால் போலி எண்ணும் இருக்கும். 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால் 'பர்ஸ்ட்' கிட்டார்கள் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம்தான். விலை ஏற ஏற, அவற்றைப் போலவே அச்சாகச் செய்து பழசாக்கி விற்கும் கூட்டமும் வளர்ந்தது. எண்ணை மாற்றலாம், பாட்டை மாற்றலாம், ரசீதும் எழுதலாம்.

ஆவணத்தை எவ்வளவு சுலபமாக உண்டாக்கலாம் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜரைவிட நல்ல உதாரணம் இல்லை. அரியலூர் மாவட்டத்து அந்தச் சோழர் காலத் திருமேனியை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். கூடவே வந்த காகிதம், சிலை 1971க்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்றது. ஆனால் புதுச்சேரிப் படக் காப்பகம் ஒன்றில், அதே நடராஜர் 1994இல் கோயிலுக்குள்ளேயே நிற்கும் படம் இருந்தது. காகிதம் நொறுங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் சிலையை நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது.

அயலார் எடுத்த படம்

அந்தப் படக் காப்பகம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 1954 நவம்பரில் புதுச்சேரி இந்தியாவிடம் கைமாறியது. 1955இல் ஜான் ஃபில்லியோசா தலைமையில் நிறுவனம் திறந்தது. சைவ ஆகமங்களையும் கோயில் உருவங்களையும் ஆராய வந்தவர்கள், 1956 முதல் கிராமம் கிராமமாகப் போய்க் கோயில்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கல் சிற்பம், செம்புத் திருமேனி எதையும் விடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், வட்டம், மாவட்டம், தேதி எழுதிய அட்டை. இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எடுத்தவர்களுக்குத் திருட்டைத் தடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை. கையில் என்ன முத்திரை, சடை எப்படி முடிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்தார்கள். வழக்கில் எந்தப் பக்கமும் சேராத ஆள் எடுத்த படம் என்பதுதான் இன்று அதன் பலம். வெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்ட மூன்றாவது சாட்சி அது.

1956இல் அந்தப் படக்காரர்கள் வந்த ஊர்களில் வீரசோழபுரமும் ஒன்று. அட்டையில் கள்ளக்குறிச்சி வட்டம்; அப்போது அது சென்னை மாநிலத்துத் தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம் மாவட்டமாகி, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமானது. புது மாவட்டத்துக்குக் கலெக்டர் அலுவலகம் கட்டக் கோயில் நிலத்தைக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்ததே, அந்த அர்த்தநாரீசுவரர் கோயில் இதே வீரசோழபுரத்தில்தான். நிலத்துக்கு நடந்த வழக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சிலைகள் போன கதை அந்த அளவுக்குத் தெரியாது.

2022இல் தமிழ்நாடு சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தக் கோயிலிலிருந்து பல வருடங்களுக்கு முன் போன ஆறு திருமேனிகள் அமெரிக்காவில் இருப்பதை, புதுச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. நடராஜர், திரிபுராந்தகர், திரிபுரசுந்தரி, வீணாதர தட்சிணாமூர்த்தி, சுந்தரர், அவர் மனைவி பரவை நாச்சியார். கிட்டார்ப் பிரியர்கள் அந்த வீணாதரரைக் கவனிக்க வேண்டும். இந்த வகைச் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலும் வீணை இருக்காது. இடது கை மேலே, வலது கை கீழே, விரல்கள் தந்தியைத் தொடும் வாட்டத்தில் மடங்கியிருக்கும். கருவி இல்லாமலே அவர் கையில் இருப்பது என்ன என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆறில் சுந்தரரும் பரவையும் கதையை முன்னே கொண்டுபோனார்கள். அவர்கள் இருந்த இடம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம். ஆர்தர் சாக்லர் என்ற மருத்துவர் 1987இல் அன்பளிப்பாகக் கொடுத்த ஏறக்குறைய ஆயிரம் பொருள்களோடு சேர்ந்து வந்த பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகரக் காலத் திருமேனி. அருங்காட்சியகமே தன் சேகரிப்பின் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்து, 2023இல் புதுச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டது. 1956இல் வீரசோழபுரத்துச் சிவன் கோயிலில் எடுத்த படத்தில் அதே சுந்தரர், அதே பரவை. இந்தியத் தொல்லியல் துறையும் பார்த்து, சட்டத்தை மீறிக் கொண்டுபோனவைதான் என்று உறுதி செய்தது. 2026 ஜனவரியில் மூன்று திருமேனிகளை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அருங்காட்சியகம் அறிவித்தது: இந்தச் சுந்தரர்-பரவை, மன்னார்குடி வட்டம் ஆலத்தூரில் 1959இல் படம் எடுத்த சோமாஸ்கந்தர், திருத்துறைப்பூண்டியில் 1957இல் படம் எடுத்த நடராஜர். அந்த நடராஜரை 2002இல் ஒரு நியூயார்க் கேலரியிடம் வாங்கியபோது கூடவே வந்த ஆவணங்களும் பொய் என்று தெரிந்தது.

சுந்தரருடைய வழக்கு அப்போது ஓலையால் முடிந்தது. அவர் திருமேனியின் வழக்குப் படத்தால் முடிந்திருக்கிறது.

படத்தை வைத்து எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? மரத்தில் கணு என்றால் செம்பில் வார்ப்புப் பிழை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு போய்விடுவதால் இரண்டாவது பிரதி வராது. பீடத்தில் ஒரு சில்லு, விரலில் ஒரு வளைவு, குமிழிக் குழி, அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு: இவை எல்லாம் அந்த ஒரே சிலைக்குச் சொந்தம். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கோயில் சிற்பங்களைப் பற்றி வலைப்பதிவு எழுத ஆரம்பித்த எஸ். விஜயகுமார், இந்த மாதிரித் தழும்புகளை ஏலப் பட்டியல்களோடு ஒப்பிட்டே பல சிலைகளைப் பிடித்தவர்.

அருங்காட்சியகத்தோடு ஒரு மல்லுக்கட்டு

சிலைக்குத்தான் இந்தத் தொல்லை, கிட்டாருக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை என்று நினைத்தால், 2025இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கிட்டார்கள் அன்பளிப்பாக வந்தன. அவற்றில் 1959 லெஸ் பால் ஒன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1964இல் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் வாசித்தது. அறிவிப்பு வந்த சில மாதத்தில், அதே குழுவில் பிறகு வாசித்த மிக் டெய்லரின் தரப்பு, அது 1967இல் டெய்லர் வாங்கியது, 1971இல் பிரான்சில் பதிவு நடந்த வீட்டிலிருந்து திருடு போனது என்றது. அருங்காட்சியகமோ, தங்களிடம் உள்ள உடைமை வரலாற்றில் டெய்லர் பெயரே இல்லை என்றது. டெய்லர் தரப்பு எதைக் காட்டுகிறது? அவர் அந்தக் கிட்டாரை வாசிக்கும் பழைய படங்களையும், முகப்பலகை மேப்பிள் மரத்தில் தீ நாக்குப் போல ஓடும் ரேகையையும். மறுபடியும் ஆவணத்துக்கும் அயலார் காட்சிக்கும் சண்டை.

படமே இல்லாவிட்டால் மனிதர்கள்தான் சாட்சி. பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார், 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில்லில் நின்ற வேனிலிருந்து திருடு போனது. எங்கே, எப்போது போனது என்பதிலேயே ஊருக்கு ஒரு கதை. 2023இல் தேடலை மறுபடி ஆரம்பித்தவர்கள் பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். அந்தக் காலத்தில் மெக்கார்ட்னியிடம் வேலை பார்த்த ஒலிப் பொறியாளர் ஒருவர் முன்வந்து, தெருவையும் இரவையும் சரியாகச் சொன்னார். திருட்டு நடந்த வட்டாரம் தெரிந்ததும், அங்கே கைமாறிய விதமும் வெளிவந்தது. கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் ஒரு வீட்டுப் பரணில் பேஸ் கிடந்தது. ஹோஃப்னர் கம்பெனியே சரிபார்த்துச் சான்று கொடுக்க, மெக்கார்ட்னியிடம் திரும்பிப் போனது.

இந்தப் பக்கத்துப் பரண்கள்

மெல்லிசைக் குழுக்கள் திருவிழாவுக்குத் திருவிழா மேடையேறிய காலத்துக் கிட்டார்கள் கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கும். 1991க்கு முன்னால் வெளிநாட்டுக் கருவி வாங்குவது லேசான காரியமில்லை. வரியும் உரிமமும் இறுக்கிய காலம். அப்படி வந்த கிட்டார்களுக்கு ரசீது தேடினால் கிடைக்காது. பிளாஸ்டிக் மூடியைத் திறந்து பாட் எண்ணைப் பார்க்கலாம். முகப்பு, முதுகு, தலை, வரிசை எண், அடிபட்ட இடம், மரத்தில் கணு என்று பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்துத் தேதியோடு வைக்கலாம். பாலிஷ் போட்டுப் புதுசாக்கவே கூடாது. தழும்பு போனால் அடையாளமும் போகும், விலையும் போகும்.

அது யார் வாசித்த கிட்டார் என்று தெரிய வேண்டுமா? குழுவின் பழைய ஆட்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஊரில் யார் யார் வீட்டுக் கல்யாண வரவேற்பில் அந்தக் குழு வாசித்தது என்று விசாரித்து, அந்த ஆல்பங்களைப் புரட்டுவது மேல். மாப்பிள்ளை, பொண்ணு, மொய்க் கவர், அவர்களுக்குப் பின்னால் மேடையில் கிட்டார். படக்காரர் மாப்பிள்ளையை எடுத்தார். கிட்டார் தானாக விழுந்தது. அதனால் அதை யாரும் ஜோடித்தது என்று சொல்ல முடியாது.

கோயில்களுக்கும் இதே வேலை மிச்சமிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களுக்கு 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. 1976இல் அமலுக்கு வந்தது. பதிவேட்டில் 'நடராஜர், செம்பு, ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அது எடுபடாது. நான்கு பக்கமும் எடுத்த படம், உயரம், எடை, பீடத்தில் உள்ள பழுது வரை வேண்டும். வீரசோழபுரத்துக்கு 1956இல் யாரோ தற்செயலாகச் செய்து வைத்தார்கள். படக்காரர்கள் வராத கோயில்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

2022 பட்டியலில் இருந்த ஆறில் சுந்தரருக்கும் பரவைக்கும் வழி பிறந்திருக்கிறது. மற்ற நான்கு பேருக்கும் அதே படத் தொகுப்புதான் ஆதாரம். திரும்பி வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்பது அடுத்த பேச்சு. லண்டன் வழக்கில் ஜெயித்து 1991இல் ஊர் வந்த பத்தூர் நடராஜர், சொந்தக் கோயிலுக்குப் போகாமல் திருவாரூர்த் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். ஊர்க்காரர்கள் பூஜைக்குக் கேட்பார்கள், அதிகாரிகள் பூட்டைக் காட்டுவார்கள். சுந்தரரை வீரசோழபுரத்திலேயே வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறவர்கள், இரும்புக் கதவு, கேமரா, அலாரம், ராத்திரிக் காவலுக்கு ஆள் என்று ஒரு மதிப்பீட்டை இப்போதே தயாரித்துவைத்து, மாதாமாதம் அந்தச் செலவை அறநிலையத் துறை கொடுக்குமா, கோயில் நிலத்து வருமானத்தில் எடுத்துக்கொள்ளலாமா என்று எழுத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.